ஊராட்சியில் சமத்துவத்தை அளப்பது எப்படி?



நம் சங்க மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் அண்ணன் கேட்டபோது, வேதியியல் மாணவியாகிய நான் சாயங்களைப் பற்றியோ உப்புகளைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் எண்ணியிருப்பார். நானும் அவ்வாறே எண்ணினேன். எழுத உட்கார்ந்தபோது பேனா வேறு பக்கம் போய்விட்டது. குற்றம் என்னுடையதன்று, எங்கள் பாடநூலில் உள்ள ஒரு சொல்லினுடையது. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் நாள்தோறும் செய்யும் 'டைட்ரேஷன்' என்னும் சோதனைக்குத் தமிழ்ப் பாடநூல் 'தரம்பார்த்தல்' என்று பெயர் வைத்திருக்கிறது. செறிவு தெரியாத கரைசல் ஒன்றை எடுத்துக்கொண்டு, செறிவு தெரிந்த இன்னொன்றைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் கணத்தில் நிறுத்திக் கணக்கிட வேண்டும். நிறம் மாறுவதைக் காட்டுவதற்காக முதலிலேயே சேர்க்கும் துளிக்கு 'நிறங்காட்டி' என்று பெயர். ஆங்கிலத்தில் 'இண்டிகேட்டர்.' நகராட்சிகளும் ஊராட்சிகளும் எவ்வளவு நன்றாக நடக்கின்றன என்று அரசாங்கம் தரம்பார்க்கும் கணக்குகளுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான்!

தவறான நிறங்காட்டியை எடுத்தால் என்ன ஆகும் என்பது முதலாண்டு மாணவருக்கும் தெரியும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு தரம்பார்க்கும்போது பினால்ப்தலீன் விட வேண்டும். மறதியாக மெத்தில் ஆரஞ்சை விட்டுவிட்டால், அமிலம் பாதிகூடத் தீராத நிலையிலேயே நிறம் மாறிவிடும். கையும் சுத்தம், கண்ணாடியும் சுத்தம், கணக்கும் சுத்தம்; விடை மட்டும் பொய்.

எங்கள் ஊர் ஊராட்சியைப் பற்றி அப்படி ஒரு பொய் விடையை நானே என் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்லுவது நேர்மையாகாது.

எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். 2019 டிசம்பரில் தேர்தல் வந்தபோது தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. மாமா நிற்க முடியாது. ஆகவே அத்தை நின்றார். சுவர்களில் எல்லாம் அத்தையின் பெயருக்கு முன்னால் மாமாவின் பெயர் அதைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. வென்றவர் அத்தை, மாலைகள் விழுந்தது மாமாவின் கழுத்தில். மாமாவைத் தீயவர் என்று எண்ணிவிட வேண்டாம். வாய்க்கால் உடைப்பெடுத்தால் நள்ளிரவில் மண்மூட்டையோடு போய் நிற்பவர் அவர். தலைவர் வேலை தமக்கே உரியது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. எங்களுக்கும் இருந்ததில்லை.

2022-ஆம் ஆண்டு. நான் இளங்கலை படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்குப் போயிருந்தபோது மாமா கூப்பிட்டார். "இங்க வாம்மா, உன் கையெழுத்து நல்லா இருக்கும், இதைக் கொஞ்சம் நிரப்பிக் கொடு." மேலிடத்திலிருந்து வந்த படிவம். எங்கள் ஊராட்சியில் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் உரிய இடம் கிடைக்கிறதா என்று பல பக்கங்களில் கேட்டிருந்தார்கள்.

கிராம சபைக்குத் தலைவரே தலைமை வகித்தாரா? "ஆம்னு போடு." பெண்கள் போதிய அளவில் கலந்துகொண்டார்களா? "ஆம்." தமிழ்நாட்டில் 500 பேர் வரை உள்ள ஊராட்சியானால் கிராம சபைக்கு 50 பேர் வர வேண்டும், 3,000 பேர் வரை என்றால் 100, 10,000 பேர் வரை என்றால் 200, அதற்கு மேல் 300. எங்கள் ஊரில் 100 வேண்டும். நூறு நாள் வேலைக்கு வந்திருந்த பெண்களை வேலையிடத்திலிருந்து அப்படியே அழைத்துவந்து பந்தலில் உட்கார வைத்தார்கள். கணக்கு நிறைந்தது. அவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேசியவர் எத்தனை பேர் என்று எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. காசோலையில் தலைவர் தாமே கையெழுத்திடுகிறாரா? அந்நாளில் பணப் பட்டுவாடாவில் பெரும்பகுதி கணினிக்கு மாறிவிட்டது. அத்தையின் மின்னணுக் கையெழுத்துச் சாவி மாமாவின் சட்டைப் பையில் இருந்தது. "ஆம்னு போடும்மா."

இத்தனைக்கும் அத்தை பக்கத்து அறையில்தான் இருந்தார். இடையில் ஒருமுறை எட்டிப் பார்த்து, "காப்பியா, டீயா?" என்று மட்டும் கேட்டார். நாற்பதுக்கு மேற்பட்ட 'ஆம்'கள். அத்தனையும் என் கையெழுத்து. முத்து முத்தாக இருப்பதாக மாமா மெச்சினார். எனக்கும் பெருமையாகவே இருந்தது.

இனி, பொதுவான கணக்குக்கு வருவோம். நம் தாத்தா காலத்தில் ஸ்தல ஸ்தாபனம் என்று சொல்லப்பட்டதை நாம் உள்ளாட்சி என்கிறோம். 1992-இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம், 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. நகரங்களுக்கான 74-ஆவது திருத்தம் அதே ஆண்டு ஜூன் 1-இல் வந்தது. இவற்றின்படி உள்ளாட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்றபடி. தலைவர் பதவிகளிலும் இவ்வாறே, சுழற்சி முறையில். 2006-இல் பீகார் பெண்களின் பங்கைப் பாதியாக்கியது. தமிழ்நாடு 2016-இல் அதற்கான சட்டம் செய்தது. இன்று நாட்டின் ஊராட்சி உறுப்பினர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 46 பேர் பெண்கள். 2024-இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 543 பேரில் பெண்கள் 74 பேர்தான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டெல்லியைக் காட்டிலும் நம் சிற்றூர்கள் எவ்வளவோ முன்னே நிற்கின்றன.

ஆனால் இடத்தை எண்ணுவது முதல் சொட்டு மட்டுமே. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களை நினைத்துப் பாருங்கள். அங்கே தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு என்று 1996-இலேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. 2006 வரை பத்தாண்டுக் காலம் முறையான தலைவர் ஒருவர் பதவியில் நிலைக்க முடியவில்லை. மனுச் செய்ய ஆள் இராது. இருந்தால், வென்றவர் உடனே ராஜினாமாச் செய்துவிடுவார். ஒதுக்கீட்டுப் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு அந்த நான்கு ஊர்களும் சட்டத்துக்கு இம்மியும் பிசகாத ஊர்கள்! 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவி, மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தாம் தரையில் அமர்ந்திருந்த படம் வெளியாகியது. அந்த ஊரும் பட்டியலில் 'ஒதுக்கீடு நிறைவேறியது' என்ற பத்தியில்தான் இருந்திருக்கும். தமிழ்நாட்டில் ஊராட்சிப் பணத்துக்குத் தலைவரோடு துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். துணைத்தலைவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டால் தலைவரின் கை கட்டப்பட்டதற்குச் சமம்.

இந்த அளவைத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1993-இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் கொலையுண்டார். காவல்துறையின் விசாரணை பழுதுபட்டது ஏன் என்று ஆராய்ந்த மக்பர்சன் அறிக்கை 1999-இல் வந்தது. 2000-இல் இன உறவுச் சட்டம் திருத்தப்பட்டு, பொது நிறுவனங்கள் சமத்துவத்தைத் தாமே முன்வந்து வளர்க்க வேண்டும் என்ற கடமை ஏற்பட்டது. 2001-இல் உள்ளாட்சி மன்றங்களுக்கென ஐந்து படிகள் கொண்ட சமத்துவத் தர அளவு வகுத்தார்கள். முதற்படி, கொள்கையை ஏற்பது. அதற்கு மேல் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை மன்றமே தன்னைத்தானே மதிப்பிட்டுச் சொல்லும். தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போலத்தான்! 2009-இல் அதை மாற்றி, வளர்வது, எய்துவது, சிறப்புறுவது என மூன்று நிலைகள் வைத்தார்கள். வேறு ஊர் மன்றங்களைச் சேர்ந்தவர்கள் வந்து இருந்து பார்த்து, கேட்டுச் சொல்லும் வழக்கமும் இதில் உண்டு. 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இனம், பால், வயது, ஊனம் முதலான ஒன்பது தன்மைகளைப் பாதுகாக்கிறது. சாதியையும் அதில் சேர்க்க வேண்டும் என்று 2013-இல் சட்டமே இயற்றிய பிறகும், 2018-இல் அந்நாட்டு அரசாங்கம் நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று பின்வாங்கியது. கடல் தாண்டிப் போனாலும் நம் சரக்கு நம்மோடு வருகிறது.

அவர்களிடம் நான் கற்றுக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு. மன்றத்தின் ஊழியரில் பெண்கள் எத்தனை, சிறுபான்மை இனத்தார் எத்தனை என்று மொத்தமாக எண்ணியதோடு விடாமல், மிக அதிகச் சம்பளம் பெறும் நூற்றுக்கு 5 பேரில் அவர்கள் எத்தனை என்று அங்கே தனியாக எண்ணினார்கள். ஏன் என்பதை நம் நாட்டைக் கொண்டே விளக்கலாம். கழிவுநீர்க் குழாய்களிலும் மலத்தொட்டிகளிலும் வேலை செய்பவர்களை 'நமஸ்தே' திட்டத்தின்கீழ் நகர அமைப்புகள் கணக்கெடுத்தன. 2024 வரை விவரம் சேர்த்த சுமார் 38,000 பேரில் நூற்றுக்கு 68.9 பேர் பட்டியல் சாதியினர், 14.7 பேர் பிற பிற்பட்டோர், 8.3 பேர் பழங்குடியினர். ஏனையோர் 8 பேர் மட்டுமே. நகராட்சி ஒன்று தன் பணியாளரின் மொத்தத் தொகையைக் காட்டி, 'தாழ்த்தப்பட்டோருக்கு மக்கள்தொகையை விஞ்சிய பங்கு கொடுத்திருக்கிறோம்' என்று பெருமையாகச் சொல்லிவிடலாம். அந்தப் பங்கு பாதாளச் சாக்கடையின் வாயில் நிற்கிறதா, பொறியாளரின் மேசையில் இருக்கிறதா என்பதை மொத்தத் தொகை சொல்லாது.

சரி, நல்ல நிறங்காட்டி என்று ஒன்று உண்டா? உண்டு. அது நாம் படிக்கும் இந்த வங்க மண்ணிலேயே சோதிக்கப்பட்டது. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற பூசை விடுமுறையில் என் வகுப்புத் தோழியோடு பீர்பூம் மாவட்டத்தில் உள்ள அவள் ஊருக்குப் போயிருந்தேன். ஹௌராவில் ரயிலேறிப் போல்பூரில் இறங்கி, அங்கிருந்து பஸ். காலையில் அவள் அம்மா என்னிடம் ஏதோ சொன்னார். அதில் 'கொல்' என்ற ஒரு சொல்லே என் காதில் விழுந்தது. திடுக்கிட்டுப்போனேன். குழாய்க்கு வங்காளிகள் வைத்த பெயர் அது என்று தோழி சிரித்துக்கொண்டே விளக்கினாள். வீட்டெதிரே கைபம்பு; அதைச் சுற்றிக் குடங்களோடு பெண்கள். எங்கள் ஊரை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது. அந்த மாவட்டத்துக் குழாய்களைத்தான் ஒரு காலத்தில் இரண்டு பொருளாதார அறிஞர்கள் எண்ணிச் சென்றிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. திரும்பி வந்து நூலகத்தில் தேடியபோதுதான் கண்டேன்.

ராகபேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டூஃப்லோ ஆகிய இருவரின் ஆராய்ச்சி 2004-இல் வெளியாயிற்று. (டூஃப்லோ அம்மையார் பிற்பாடு, 2019-இல், நம் காலேஜ் தெருவில் படித்த அபிஜித் பானர்ஜியோடும் மைக்கேல் கிரெமரோடும் நோபல் பரிசு பெற்றவர்.) அவர்கள் கேட்ட கேள்வி எளியது: பெண் தலைவரானால் ஊரில் ஏதாவது மாறுகிறதா? எளிய கேள்வி, ஆனால் விடை காண்பது கடினம். தாமாகவே பெண்ணைத் தலைவராக்கிய ஊர் முன்பே முற்போக்கான ஊராக இருக்கலாம். அங்கே குழாய் அதிகம் என்றால், அது தலைவியாலா, ஊரின் குணத்தாலா என்று பிரிக்க இயலாது. இரண்டு பொருள்களும் ஒரே குடுவையில் கரைந்துவிட்ட நிலை.

இங்கேதான் சட்டம் விஞ்ஞானிக்கு ஓர் உதவி செய்தது. மேற்கு வங்கத்தில் 1998 தேர்தலின்போது எந்த ஊராட்சிக்குப் பெண் பிரதான் என்பதை அதிகாரி எவரும் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கவில்லை. ஊராட்சிகளை வரிசை எண்ணின்படி எழுதி, மூன்றுக்கு ஒன்றாக ஒதுக்கினார்கள். வரிசை எண்ணுக்கும் ஊரின் குணத்துக்கும் தொடர்பு ஏது? ஆகவே ஒதுக்கப்பட்ட ஊர்களும் ஒதுக்கப்படாத ஊர்களும் மற்ற எல்லா வகையிலும் சராசரியாக ஒன்றுபோலவே இருக்கும். பின்னால் தோன்றும் வேறுபாட்டுக்கு ஒதுக்கீடே காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஒரே கரைசலை இரு குடுவையில் ஊற்றி ஒன்றில் மட்டும் மருந்து சேர்ப்போம் அல்லவா, அதுபோல.

மேற்கு வங்கத்தின் பீர்பூமிலும் ராஜஸ்தானின் உதயப்பூரிலுமாக 265 ஊராட்சிகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். பெண்கள் ஊராட்சியிடம் எவற்றைக் கேட்டு முறையிட்டார்கள், ஆண்கள் எவற்றைக் கேட்டார்கள் என்று தனித்தனியே எண்ணினார்கள். பிறகு பணம் எங்கே போயிற்று என்று பார்த்தார்கள். இரு மாநிலத்திலும் பெண்களின் முறையீட்டில் குடிநீர் முன்னே நின்றது. இரு மாநிலத்திலும் பெண் தலைவர் இருந்த ஊரில் குடிநீருக்கு அதிகம் செலவாயிற்று; பீர்பூமில் புதிதாகப் போட்ட அல்லது பழுது பார்த்த குடிநீர் வசதிகள் ஓர் ஊராட்சிக்குச் சராசரி 9 அதிகம். சாலை விஷயம் இன்னும் சுவையானது. வங்கத்துப் பெண்கள் சாலையும் கேட்டார்கள். அங்கே சாலைப் பணி கூடிற்று. ராஜஸ்தானில் சாலை கேட்டவர்கள் ஆண்களே. அங்கே பெண் தலைவர் காலத்தில் சாலைப் பணி குறைந்தது. ஆக, நாற்காலியில் அமர்ந்தவர் பொம்மை என்று ஊர் எவ்வளவு சிரித்தாலும், பெண்களின் குரல் ஏதோ ஒரு வழியில் பணத்தைத் தொட்டிருக்கிறது.

இதைப் படித்தபோது நூலகத்தில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் எழுதிய 'ஆம்'கள் பொய் என்பது எனக்கு எப்போதோ தெரியும். அவற்றை எல்லாம் 'இல்லை' என்று மாற்றியிருந்தால் மெய்யாகியிருக்கும் என்றும் எண்ணிக்கொண்டிருந்தேன். அதுவும் சரியில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

அத்தை கையெழுத்துச் சாவியைக் கேட்டதில்லை. மேடையில் பேசியதும் குறைவு. ஆனால் அவரிடம் தினசரிக் காலண்டர் தாள்கள் இருந்தன. கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாளும் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு நின்றது என்று எழுதுவார். அந்தந்தத் தெருவில் யாராவது ஒருத்தி நேரம் பார்த்துச் சொல்லுவாள். பாலுக்கும் மளிகைக்கும் கணக்கு எழுதும் பழக்கம். அதைப் போலத்தான் இதுவும் என்று நாங்கள் கவனிக்கவே இல்லை. மேலத்தெருவுக்கு 6.10 முதல் 7 மணி வரை. கடைக்கோடியில் உள்ள காலனிக்கு 6.40 முதல் 6.55 வரை. படிவத்தில் இருந்த கேள்வி, எல்லா வீட்டுக்கும் குழாய் இணைப்பு உண்டா என்பதுதான். அதற்கு நான் எழுதிய 'ஆம்' மட்டும் உண்மை. குழாய் எல்லா வீட்டிலும் இருந்தது. தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. எங்கள் ஊர்த் தொட்டியின் கொள்ளளவை மக்கள்தொகையால் வகுத்தால் அதுவும் சரியாக வந்துவிடும். கால் மணிக்கும் முக்கால் மணிக்கும் உள்ள தூரத்தை அந்த வகுத்தல் விழுங்கிவிடும்.

ஒரு நாள் அத்தை டேங்க் ஆபரேட்டரை வீட்டுக்கு வரச்சொல்லி, காப்பி கொடுத்து, நாளை முதல் காலனி வால்வை முதலில் திறக்கும்படி சொல்லிவிட்டார். மாமாவுக்கே இது நான்கு நாள் கழித்துத்தான் தெரியும், அதுவும் டீக்கடையில். மேலத்தெருவில் கொதித்தார்கள். "பொம்பளை வந்ததிலேர்ந்து ஊர்ல தண்ணியே சரியில்லை" என்று பெரியவர் ஒருவர் எங்கள் வாசலிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் நேரில் கண்ட உண்மை அது. அவர் வீட்டில் ஒரு பத்து நிமிடம் குறைந்திருந்தது.

அந்தச் சமயத்தில் எவராவது எங்கள் ஊருக்கு வந்து, 'தலைவரின் பணியில் திருப்தியா?' என்று வீடுவீடாகக் கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்? டூஃப்லோவும் பெட்டியா டொப்பலோவாவும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி ஒன்று இதையே சொல்லுகிறது. பெண் தலைவர்கள் உள்ள ஊர்களில் பொது வசதிகள் அதிகம், தரமும் குறைவில்லை, லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னவர்களும் குறைவு. ஆனாலும் அந்த ஊர் மக்கள் திருப்தி குறைவாகவே தெரிவித்தார்கள். மக்கள் திருப்தி என்பது கேட்பதற்கு எவ்வளவு நியாயமான அளவுகோல்! அசிட்டிக் அமிலத்தில் விட்ட மெத்தில் ஆரஞ்சு அதுதான்.

நிறங்காட்டியே நாளடைவில் திருந்துவதும் உண்டு. மேற்கு வங்க ஊர்களில் ஒரே சொற்பொழிவை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து, ஆளுக்கொன்றாகக் கேட்க வைத்து மதிப்புப் போடச் சொன்னார்கள். 2009-இல் வெளியான ஆராய்ச்சி இது. பெண் பிரதானை ஒருமுறையும் காணாத ஊர்களில் பெண் குரலுக்கு ஆண்கள் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். கண்டு பழகிய ஊர்களில் அந்த வேறுபாடு தேய்ந்துவிட்டது. இருமுறை அடுத்தடுத்து ஒதுக்கப்பட்ட ஊர்களில், ஒதுக்கீடு நீங்கிய பிறகும் பெண்கள் பொது இடங்களில் நின்று வெல்வது கூடிற்று. என்னைக் கேட்டால், ஒதுக்கீட்டின் பலனைத் தரம்பார்க்க இதைவிட நல்ல இறுதிநிலை வேறில்லை. 2012-இல் வந்த இன்னோர் ஆராய்ச்சி 495 ஊர்களில் 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளைப் பார்த்தது. பெண் தலைவரை இருமுறை கண்ட ஊர்களில், மகளுக்கு என்று பெற்றோர் கொள்ளும் கனவு மகனுக்கானதை நெருங்கிற்று; படிப்பில் பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் இருந்த இடைவெளி மறைந்தது. அத்தை தலைவரானபோது நான் அந்த வயதைத் தாண்டிவிட்டேன். ஆகவே என்னை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. கல்கத்தாவுக்குப் பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று வீட்டில் எல்லாரும் தயங்கியபோது, "போய்ட்டு வரட்டும், தலைவர் சொல்றேன்" என்று அத்தை சொன்னதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன். அந்தப் பதவியின் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

இப்போது நம் நாட்டிலும் பெரிய அளவில் தரம்பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். 2025 ஏப்ரலில் மத்திய ஊராட்சி அமைச்சகம், 2022-23-ஆம் ஆண்டுக்கான ஊராட்சி முன்னேற்றக் குறியீட்டை வெளியிட்டது. வறுமையின்மை, உடல்நலம், குழந்தைகள், நீர், தூய்மை, கட்டமைப்பு, சமூகநீதி, நல்லாட்சி, மகளிர் நலம் என ஒன்பது பொருள், 435 நிலைகாட்டிகள். சரிபார்க்கப்பட்ட 2,16,285 ஊராட்சிகளில், 90-க்கு மேல் வாங்கி முதல் வகுப்பில் தேறியது ஒன்றுகூட இல்லை. 75-க்கு மேல் 699. 60-க்கு மேல் 77,298. 40-க்கு மேல் 1,32,392. அதற்கும் கீழே 5,896. ஒன்றுமே தேறவில்லை என்று துணிந்து அச்சிட்டதற்காகவே அந்த அமைச்சகத்தைப் பாராட்டுவேன். நாற்பது 'ஆம்' எழுதிய எனக்கு அது உறைக்கத்தான் செய்தது. ஆனால் ஒன்பது பொருளையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும்போது, தூய்மையில் வாங்கிய மதிப்பெண் சமூகநீதியில் இழந்ததை மூடிவிடக்கூடும். ஊராட்சிக்குள் தெருவுக்குத் தெரு உள்ள வேறுபாடும் அந்த எண்ணில் தெரியாது. கணவன்மார் ஆட்சியைப் பற்றி ஆராய 2023-இல் அமைச்சகம் அமைத்த குழு, அப்படி ஆள்வோருக்குக் கடுந்தண்டனை வேண்டும் என்று கூடப் பரிந்துரைத்தது. மாமாவைத் தண்டித்தால் எங்கள் ஊரில் என்ன மாறியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். எனக்குத் தோன்றுவது, தண்டனைக்கு முன்னால் அந்தப் படிவத்தை அத்தையிடம் கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும் என்பதே. மாமா இல்லாத நேரத்தில்.

2025 ஜனவரி 5-ஆம் நாள் அத்தையின் பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சிக்குத் தனி அலுவலர் வந்தார். சென்ற வாரம் போனில் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொல்லி, அன்றைக்கு நான் எழுதியதற்காக மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அந்தப் படிவமே நினைவில்லை. "எந்தப் பாரம்? அதுல வால்வு பத்திக் கேட்டிருந்தாங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் என்ன" என்று சொல்லிவிட்டு, காலனிக்கு இப்போது மறுபடியும் கால் மணி நேரம்தான் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். தாள் எழுதுவதை அவர் நிறுத்தவே இல்லையாம். ஐந்தாண்டுத் தாள்களும் அதற்குப் பிந்தியவையும் மூன்று பிஸ்கட் டப்பாக்களில் இருக்கின்றன. நான் வந்து தெருவாரியாகப் பிரித்துக் கணக்குப் போட்டுத் தர வேண்டும் என்பது உத்தரவு. பொங்கலுக்குக் கோரமண்டல் வண்டியில் இடம் பதிவு செய்திருக்கிறேன்.